தோட்டாப் பண்டிதர்

எங்கள் வட விஸ்கான்சின் காட்டில் கரடி உண்டு, ஓநாய் உண்டு, முள்ளம்பன்றி உண்டு. இவற்றிடமிருந்தெல்லாம் தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறது. கரடியைக் கண்டால் சத்தம் போடலாம். ஓநாய் நம்மைக் கண்டால் தானே ஓடிவிடும். முள்ளம்பன்றி, நாம் அதன் வழிக்குப் போகாதவரை நம் வழிக்கு வராது. ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் தப்பிக்கவே முடியாத பிராணி ஒன்று இங்கே உண்டு. இரண்டு கால், ஆரஞ்சு நிறத் தொப்பி, ஓயாத வாய். அதற்குப் பெயர் தோட்டாப் பண்டிதர்.

இவரை அடையாளம் காண்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நவம்பர் வந்துவிட்டால் ஊரே வேட்டை உடுப்பைத் தேடிப் பெட்டிகளை உருட்டிக்கொண்டிருக்கும். பூட்ஸுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருக்கும். இவர் மட்டும் கடையில் தோட்டா அலமாரி முன்னால் நிற்பார். கையில் இரண்டு பெட்டி. ஒன்றை வைப்பார், இன்னொன்றை எடுப்பார், வைத்ததை மறுபடி எடுத்து அட்டையில் இருப்பதைப் படிப்பார், பெருமூச்சு விடுவார். நீங்கள் காலையில் ஆணி வாங்கப் போனபோது நின்ற இடத்திலேயே, வாங்கிய ஆணி பத்தவில்லை என்று சாயங்காலம் மறுபடி போகும்போதும் நிற்பார். நடந்தால் சட்டைப்பை கலகலவென்று ஒலிக்கும். சில்லறை என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவும் சுட்ட குண்டுகள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பாரில் மீன் வறுவலும் முட்டைக்கோஸும் வைத்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். இவர் வருவார். பையிலிருந்து நசுங்கிய உலோகத் துண்டு ஒன்றை எடுத்து உங்கள் தட்டின் ஓரத்தில், மீனுக்குப் பக்கத்தில், வைப்பார்.

"பாருங்க, எப்படி விரிஞ்சிருக்கு! காளான் மாதிரி இல்ல?"

"ஆகா" என்று நீங்கள் மரியாதைக்குச் சொல்லித் தொலைப்பீர்கள். போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உங்கள் மீன் ஆறி, எதிரே இருப்பவரின் மீனும் ஆறி, பார்க்காரர் விளக்கை அணைக்க வந்து நிற்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர்களில் இந்த இனம் குறைவு. பெரிய குண்டு போட்டால் மான் விழுந்துவிடுகிறது. அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? உரித்து, அறுத்து, சாப்பிட வேண்டியதுதான். குழலின் துளை சின்னதாக இருக்கும் துப்பாக்கியில்தான் பேச்சுக்கு விளைச்சல் அதிகம். குண்டு சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. மிருதுவாக இருந்தால் மானின் தோலிலேயே உடைந்து சிதறிவிடுமாம். கெட்டியாக இருந்தால் ஊசிபோல அந்தப் பக்கம் போய்விடுமாம், மானுக்கே தெரியாதாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சரியான இடம் இருக்கிறதாம். அந்த நடுவில்தான் நம் பண்டிதர் குடும்பம் நடத்துகிறார்.

இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் யாருக்கும் உறைக்காது. நல்ல உருப்படியாக ஒன்றைக் காட்டுகிறேன்.

டெல்பர்ட் குசேரா எங்கள் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நல்ல மனிதர், பனிக்காலத்தில் கேட்காமலே அக்கம்பக்கத்து வாசலில் பனி தள்ளிக் கொடுப்பார். ஆனால் அவர் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வருவதற்கு முன்பே குண்டின் எடைகள் மனப்பாடமாகிவிடுகின்றன. அவரிடம் மூன்று வாக்கியங்கள் உண்டு. "அது பொதுவாச் சொல்றது." "காகிதத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்." மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம்: "தோள் எலும்புல பட்டா?" உலகத்தில் எந்தக் குண்டைப் பற்றி நீங்கள் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னாலும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மானே பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்பதுபோல அவர் கேட்பது இதைத்தான்.

இத்தனை ஆராய்ச்சி செய்கிறவர் எத்தனை மான் சுட்டிருப்பார்? அங்கேதான் அவருடைய மைத்துனர் லைலின் வேட்டைக் குடில் வருகிறது. நவம்பர் பிற்பாதியில், நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை வேட்டை தொடங்கும். நாங்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமையே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். நான் அங்கே போவது சமைக்க. மானைக் குறி பார்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது. வெங்காயம் நறுக்கும் பொறுமை உண்டு. குடிலின் சுவரில் கொம்புகள் மாட்டியிருக்கும், எல்லா வீட்டிலும் இருப்பதுதான். எதிர்ச்சுவரில் தொங்குவதுதான் விசேஷம். சட்டை வால்கள். குறி தவறினவனின் சட்டைப் பின்பக்கத்தை அன்றைக்கே கத்தரியால் வெட்டி ஆணி அடித்து மாட்டிவிட வேண்டும். இது இந்தக் காட்டுச் சட்டம். குடிலுக்கு லைல்தான் சொந்தக்காரர்; ஆகவே கத்தரியும் அவர் கையில். வெட்டிய துணிக்குக் கீழே ஒரு அட்டைத் துண்டில், குறி தவறியதற்கு அந்த ஆசாமி சொன்ன சாக்கையும் எழுதிவைப்பார்.

அந்தச் சுவரில் பாதி டெல்பர்ட்டுடையது. "காற்று." "குண்டு மிருது." "குண்டு கெட்டி." "மான் நின்ற விதம் சரியில்லை." ஒவ்வொரு வருஷமும் கடைசி வாரத்தில் குண்டை மாற்றுவார், மாற்றின குண்டு எங்கே போய் விழுகிறது என்று சுட்டுப் பார்க்க நேரம் இருக்காது, அதற்குள் வேட்டை தொடங்கிவிடும். இப்போது அவரிடம் வால் உள்ள சட்டையே கிடையாது. மனைவி ஆர்டிஸ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழைய துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுக்கிறார்.

ஆர்டிஸின் துணி மட்டும் அந்தச் சுவரில் ஓர் அங்குலம்கூட இல்லை. அவர் சுட்டால் விழும். டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை குசேரா வீட்டுத் தட்டில் விழுகிற இறைச்சி ஆர்டிஸ் சுட்டது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் எல்லார் வீட்டுக்கும் வருகிற தொத்திறைச்சி ஆர்டிஸ் சுட்டு, அரைத்து, மிளகு சேர்த்துப் புகைபோட்டது. எந்தக் குண்டு என்று கேட்டால், "பச்சைப் பெட்டில இருந்தது" என்பார். டெல்பர்ட் கண்ணை மூடிக்கொள்வார்.

இந்த வருஷம் ஜூலையில் ஆர்டிஸுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை. இனிப் பெரிய துப்பாக்கியின் உதை ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லைல் தன் பழைய சின்னத் துப்பாக்கியை, கோழிப் பண்ணைக்கு வரும் குள்ளநரிக்கு வைத்திருந்ததை, எண்ணெய் போட்டுத் துடைத்துத் தங்கைக்குக் கொடுத்தார். ஆகஸ்டில் ஆர்டிஸ் ஊர்க்கடைக்குப் போனார். "மானுக்குச் சின்னத் துப்பாக்கித் தோட்டா ஒரு பெட்டி கொடுங்க" என்றார். கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தாள் கட்டிச் சுட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே இடத்தில், ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம்போல. பெட்டியைத் தன் வண்டியில் போட்டுவிட்டுத் தக்காளி பறிக்கப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை தோட்டா விவகாரம் முடிந்துவிட்டது.

டெல்பர்ட்டைப் பொறுத்தவரை அன்றுதான் தொடங்கியது.

யோசித்துப் பாருங்கள். தனக்காகத் தோட்டா தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, பிறருக்காகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்துவிட்டது. அதுவும் சின்னத் துப்பாக்கி! அதுவும் நோயாளி மனைவி! இதில் அன்பு இல்லையா என்றால், இருந்தது; நிறையவே இருந்தது. அதுதான் தொல்லை. அன்பு இல்லாத பண்டிதரைக் கதவைச் சாத்திவிட்டுத் தப்பிக்கலாம்.

வீட்டுப் பின்புறம் போர்க்களமாயிற்று. பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்து, தன்னுடைய புதுச் சின்னத் துப்பாக்கியால் சுட்டார். பழைய தொலைபேசிப் புத்தகங்களை ஊறவைத்துக் கட்டிச் சுட்டார். செப்டம்பரில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன்; குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தட்டு முழுக்கப் பளபளவென்று தங்க நிறத்தில் ஜெல்லி. நான் கரண்டியை எடுத்துவிட்டேன்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று ஆர்டிஸ் அலறினார். "அது மானு."

சுட்டுப் பார்ப்பதற்காக, மானின் உடம்புக்குச் சமமான பதத்தில் எலும்புப் பசையைக் கரைத்துக் காய்ச்சி இறக்கியிருந்தாராம் டெல்பர்ட். காய்ச்சியது ஆர்டிஸ் ஊறுகாய் போடும் பெரிய பாத்திரத்தில். இந்த வருஷம் குசேரா வீட்டில் வெள்ளரிக்காய் ஊறுகாய் இல்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

"ஏங்க, அதான் ஆகஸ்ட்லயே சுட்டுப் பாத்தாச்சே. எல்லாம் ஒரே எடத்துல போவுது. விட்டுத் தொலைங்களேன்."

"காகிதத்துக்கு எலும்பு கெடையாது, ஆர்டி."

"மானுக்கு நெஞ்சு இருக்குல்ல? நான் அங்கதான் சுடுவேன்."

"தோள் எலும்புல பட்டா?"

"அங்க ஏன் படணும்? இத்தன வருசத்துல என்னிக்காவது பட்டிருக்கா?"

"பட்டா?"

"எனக்குத்தான் தோள் எலும்புல பட்டிருக்கு. அந்த உருளக்கெழங்க இந்தப் பக்கம் தள்ளுங்க, கை எட்டல."

டெல்பர்ட் கிண்ணத்தைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே, முழுச் செம்புக் குண்டில் இருக்கும் நன்மைகளை என்னிடம் சொல்லத் தொடங்கினார்.

செப்டம்பர் முழுக்கச் செம்பு. அக்டோபரில் செம்பு போய், ஈயத்தையும் உறையையும் பிரிக்க முடியாதபடி ஒட்டவைத்த குண்டு வந்தது. அதைப் பற்றி டெக்சாஸில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரோடு கணினியில் வாய்ச்சண்டை நடந்து, கடைசியில் அந்த ஆசாமி டெல்பர்ட்டின் பஸ்ஸைப் பற்றி ஏதோ சொல்லிவிட, இரண்டு நாள் இவர் யாரோடும் பேசவில்லை. ஊரே நிம்மதியாக மீன் தின்றது. நவம்பர் பிறந்தபோது முகம் தெளிந்து வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். "எழுபத்தேழு."

"என்ன எழுபத்தேழு?"

"எடை. கிரெயின் கணக்குல. இந்தத் துளைக்கு இதுக்கு மேல கனமாக் குண்டே கெடையாதுன்னு வச்சிக்குங்க. நீளமா, கனமா, காத்துக்கு அசையாம, நேராப் போயி..." கண்ணை மூடிக்கொண்டார். "தோள் எலும்புல பட்டாலும் சரி."

வேட்டைக்கு முந்தின நாள் குடிலில் நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஆர்டிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இடது கையால் சீவினார். வலது கை மடியில் இருந்தது.

"இந்த வருசம் ஒண்ணு விழுந்துட்டாப் போதும்" என்றார் மெல்ல. "குட்டியா இருந்தாலும் பரவால்ல. விழலேன்னு வைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அடுத்த வருசம், 'பாவம், ஆர்டிஸுக்குத் தோளு போச்சு, அடுப்பு பக்கமா உக்காரட்டும்'னு ஆரம்பிச்சிருவாங்க. அதுக்கப்பறம் நான் மரத்துப் பரண்ல ஏறவே முடியாது."

பல வருஷமாக அடுப்புப் பக்கமே உட்கார்ந்திருக்கிற நான் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. அந்தச் சுவரில் தன் துணி இல்லாமல் இருப்பது அவருக்குப் பெருமைதான். ஆனால் அதைவிட, பனியில் தனியாகப் பரண் ஏறி உட்கார்ந்து காடு விடிவதைப் பார்ப்பது அவருக்கு வேண்டும். ஒரு குண்டில் அது அத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் மனைவியின் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஆர்டி, ஒனக்கு எதுக்குக் கஷ்டம்? மேகசின்ல தோட்டா எல்லாம் நானே போட்டு வச்சிட்டேன்."

"சரி" என்றார் ஆர்டிஸ், ரொட்டியை மென்றுகொண்டே.

டெல்பர்ட்டின் முகத்தில் ஒரு சிரிப்பு. மனைவிக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு வாங்கி ஒளித்துவைத்திருப்பவன் சிரிப்பானே, அது. என்ன விஷயம் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அடுப்பில் பன்றி இறைச்சி கருகிக்கொண்டிருந்தது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கேட்டது. சின்னத் துப்பாக்கி, பெரிதாக இடிக்காது, "டப்" என்று ஒரே ஒரு சத்தம். கிழக்குப் பரண் பக்கமிருந்து வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், கரண்டியோடு வாசலுக்கே ஓடிவந்துவிட்டேன். ஆர்டிஸ் சுட்டால் விழும். நான் ஈரலுக்கு வெங்காயம் நறுக்கத் தொடங்கினேன்.

மதியம் மூன்று பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். நல்ல கிளைக் கொம்பு மான், பரணுக்கு நேர் கீழே, ஓடைக்கு இந்தப் பக்கம், அசையாமல் நின்றதாம். சுட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்ததாம். யார் அது என்று கேட்பதுபோல. அப்புறம் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். லைலும் டெல்பர்ட்டும் பனியில் ரொம்ப தூரம் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு முடி இல்லை. சுத்தமாகத் தவறிவிட்டது. மானுக்குக் காயம் இல்லாததில் மட்டும் ஆர்டிஸுக்கு நிம்மதி.

கத்தரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. லைல் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். ஆர்டிஸ் கோட்டைக் கழற்றினார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"வெட்டுண்ணே."

"இருக்கட்டும் ஆர்டி, சாப்ட்டு..."

"எல்லாருக்கும் வெட்டினல்ல? எனக்கும் வெட்டு."

அந்த இடத்தில் நம் பண்டிதர் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், ஆர்டிஸின் சட்டை வெட்டுப்பட்டிருக்கும். அவர் அடுத்த வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு சீவியிருப்பார். ஆனால் பண்டிதர் என்றைக்கு வாயை மூடியிருக்கிறார்? எழுந்து போய் மனைவியின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"கவலப்படாத ஆர்டி. ஒம்மேல தப்பே இல்ல. தோளுதான் காரணம். ஆப்பரேசன் பண்ண தோளு, சுடற நேரத்துல லேசா நடுங்கும். குண்டுல ஒரு கொறையும் இல்ல."

ஆர்டிஸ் மெதுவாகத் திரும்பினார்.

"டெல்பர்ட்" என்றார்.

'ஏங்க' போய் 'டெல்பர்ட்' வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். லைல் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"என் தோளு நடுங்கல. எனக்குத் தெரியும். அண்ணே, கத்தரிய வச்சிட்டு அந்த பீர் அட்டைப்பெட்டிய எடு."

குப்பை எரிக்கும் பீப்பாய்மேல் பெட்டியை நிறுத்தினோம். ஆர்டிஸ் வாசல் படியில் உட்கார்ந்து, மாவு மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து, மூச்சை அடக்கிச் சுட்டார். இன்னொன்றும் சுட்டார். மலைபோல அசையாமல் இருந்தது அந்தத் தோள். நான் ஓடிப் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தேன்.

பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்து ஒன்றைத்தான் ஆர்டிஸ் குறிவைத்திருந்தார்; அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இடதுபக்க மூலையில் ஒரு ஓட்டை, கீழே வலதுபக்கம் ஒரு ஓட்டை. அதுகூட ஆச்சரியமில்லை, இரண்டும் வட்டமாக இல்லை. நீட்டுவாக்கில், மாத்திரை படுத்துக் கிடந்த தடம்போல இருந்தன. குண்டு மூக்கால் போகாமல், பக்கவாட்டில் படுத்தபடி போயிருக்கிறது.

லைல் மேகசினைக் கழற்றி மிச்சத் தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டினார்.

"இது என்ன? பென்சிலா?"

இங்கேதான் பண்டிதர்கள் மற்ற மனிதர்களிலிருந்து வேறுபடுகிறார்கள். நீங்களோ நானோ என்றால் அந்நேரம் விறகு எடுக்கப் போயிருப்போம். டெல்பர்ட்டின் கண் பளபளத்தது. ஒரு நல்ல சந்தேகம் கிடைத்துவிட்டது. விளக்காமல் இருக்க முடியுமா? பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடடா! இது அருமையான விசயம், பாருங்க. குழலுக்கு உள்ள திருகுமரை மாதிரி கோடு வெட்டியிருக்கும். அதுல ஏறிப் போறப்பதான் குண்டு பம்பரம் மாதிரி சுத்தும். சுத்துனாத்தான் நேராப் போகும். குண்டு நீளமாக நீளமா, வேகமாச் சுத்தணும், அதுக்கு மரை நெருக்கமா இருக்கணும். பழைய துப்பாக்கில எல்லாம் மரை ரொம்ப எட்ட எட்ட இருக்கும், அதுக்குக் குட்டைக் குண்டுதான் லாயக்கு. இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். அது தெரியாம எவனாவது ஒரு கூறுகெட்டவன், லைலோட துப்பாக்கி மாதிரி ஒரு அரதப்பழசுல, இவ்ளோ நீளக் குண்டக் கொண்டுபோயி..."

நின்றுவிட்டார்.

லைல் உள்ளங்கையிலிருந்த தோட்டா ஒன்றை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சொல்லு மச்சான்" என்றார் லைல். "ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தான போயிட்டிருந்துச்சு."

டெல்பர்ட் பெட்டியைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். அப்புறம், ஜூலையிலிருந்து அன்றுவரை ஒரு நாள்கூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"லைலு... ஒந்துப்பாக்கில மரை எப்படி?"

"எட்ட எட்டதான் இருக்கும். எங்கப்பா வாங்குனது. நீதான் சொன்னியே, அரதப்பழசு."

குண்டைப் பற்றி அறிய வேண்டியது அத்தனையும் அறிந்த மனிதர், அது எந்தத் துப்பாக்கிக்குள் போகிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் துப்பாக்கியைத் தோளில் வைக்கிறவளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"திரும்புங்க" என்றார் ஆர்டிஸ். கத்தரி இப்போது அவர் கையில் இருந்தது.

டெல்பர்ட் திரும்பி நின்றார். சட்டை வால் பழைய சமையலறைத் திரைச்சீலைத் துணி, மஞ்சள் பூப் போட்டது. போன கிறிஸ்துமஸுக்கு ஆர்டிஸே தைத்து ஒட்டியது. தைத்த கையே வெட்டியது. வெட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் சும்மா நின்றாரா?

"அறுபத்தொம்பது கிரெயின்னா ஒருவேள சுத்தியிருக்கும், ஆர்டி..."

"அசையாதீங்க. முதுகுல பட்டுரும்."

லைல் ஆணி அடித்தார். கீழே அட்டை மாட்ட வேண்டும். 'மரை' என்றுதான் எழுதுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் கொஞ்சம் யோசித்து, கொட்டை எழுத்தில் எழுதினார்: "தோளுதான் காரணம்." ஆர்டிஸ் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துச் சிரித்து, தோள் வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டார்.

அப்புறம் தன் வண்டிக்குப் போனார். ஆகஸ்டில் வாங்கின பச்சைப் பெட்டி, கையுறைக்கும் பழைய ரசீதுகளுக்கும் அடியில், அப்படியே கிடந்தது. ஒன்றை எடுத்துப் போட்டு பீர்ப் பெட்டியில் சுட்டார். வட்டமான ஓட்டை, குறிவைத்த எழுத்தின் வயிற்றில். போதும் என்று சொல்லிவிட்டுப் பரணுக்குப் போனார். கணவரிடம் மட்டும், "நீங்க மேகசினத் தொட்டீங்க, அடுத்தது கால்சட்டைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மறுபடி "டப்". இந்த முறை நான் கரண்டியோடு ஓடவில்லை. அடுப்படியிலேயே நின்று வேண்டிக்கொண்டேன். ஒரு பெட்டை மான். பெரிய கொம்பு மான் திரும்பி வரவில்லை, அது புத்திசாலி. பெட்டை நாலு அடி போய்ப் படுத்துவிட்டதாம். லைல் இழுத்துக்கொண்டு வந்தார். ஆர்டிஸ் பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார், ராணி மாதிரி. அடுத்த வருஷம் பரணில் யார் உட்காருவது என்ற பேச்சே எழவில்லை. நான் நறுக்கி வைத்த வெங்காயமும் வீணாகவில்லை.

டெல்பர்ட்டும் ஓடிவந்தார். மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், உண்மையான சந்தோஷத்தோடுதான். அப்புறம் மானைச் சுத்தம் செய்யும்போது முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு என்னத்தையோ துழாவிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க தேடுறீங்க?"

"குண்டு. நிறுத்துப் பாக்கணும்ல, எவ்ளோ மிச்சம் இருக்குன்னு."

"அது அந்தப் பக்கமாப் போயிருச்சு."

"தோள் எலும்புல படலியா?"

"இல்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. மனைவி சுட்ட மான் காலடியில் கிடக்கிறது. குளிர்காலத்துக்கு இறைச்சி ஆயிற்று. அவர் ஏமாற்றத்தோடு கையைப் பனியில் துடைத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஈரல் துண்டைக் குத்திக்கொண்டே சொன்னார்: "இந்தப் பச்சைப் பெட்டித் தோட்டா இருக்கே, தப்பில்ல. ஆனா அடுத்த வருசத்துக்கு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். எனக்கென்ன, நான் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை, மானை மிருகக்காட்சி சாலையில்தான் பார்த்திருக்கிறேன் என்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் போன வருஷம் உங்கள் வீட்டில் நன்றாக மாவு அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரை மாற்றியது யார்? இரண்டு மாதம் விமர்சனம் படித்து, மோட்டாரின் சக்தியைக் கணக்குப் போட்டு, வீட்டுக்காரம்மாளுக்குத் தெரியாமல் வாங்கி வந்து ஆச்சரியப்படுத்தியது யார்? அதற்கப்புறம் இட்லி கல்லாக வந்தபோது, "அரிசிதான் காரணம்" என்று முதுகைத் தட்டிச் சொன்னது யார்? கிரைண்டர் இல்லையென்றால் அம்மாவின் கைப்பேசி. கைப்பேசி இல்லையென்றால் மகள் எடுத்த படிப்பு.

இல்லை, நான் அப்படி எதுவும் செய்யவில்லை என்கிறீர்களா? இருக்கலாம். அதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மாற்றிக் கொடுத்த பொருளைத் தினமும் கையில் பிடிக்கிறவரிடம் போய்க் கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. கேட்கப் போகும்போது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போங்கள்.